செங்காடு

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பக்கத்துச் சம்சாரிகளிடம் 'செங்காடு' என்று சொன்னால் அவர்கள் மனத்தில் எழுவது செம்மண் நிலம். கிழக்கே கரிசல் விரிந்து கிடக்கும். மேற்கே மலையடிவாரத்தை நெருங்க நெருங்க மண் சிவக்கும். காடு என்ற சொல்லுக்கே இங்கே தனிப் பொருள் உண்டு. 'காட்டுக்குப் போகிறேன்' என்று ஒருவர் மண்வெட்டியோடு புறப்பட்டால் புஞ்சைக்குப் போகிறார் என்று அர்த்தம். மரமும் மிருகமும் இருக்கிற இடத்துக்கு 'மலை' என்றுதான் பெயர். நான் சொல்லப்போகிற செங்காடு இவை இரண்டும் அல்ல. அங்கே சிவந்தது மண் அன்று, மரம்.

1986-ஆம் ஆண்டு ஏப்ரல் 26, சனிக்கிழமை. அன்று சோவியத் யூனியனைச் சேர்ந்திருந்த உக்ரேனில், செர்னோபில் அணுமின் நிலையத்தின் நான்காவது உலை நள்ளிரவு தாண்டி 1 மணி 23 நிமிடத்துக்கு வெடித்தது. உலைக்குள் இருந்தது புகையாகவும் தூசியாகவும் எழுந்து காற்று போன போக்கில் போயிற்று. நிலையத்துக்கு மேற்கே அடுத்தாற்போல் ஒரு பைன் காடு. முதல் மேகம் அதன் தலைமேல்தான் இறங்கியது. சில வாரங்களுக்குள் 400 ஹெக்டேருக்கு மேல், நம் கணக்கில் ஏறத்தாழ 1,000 ஏக்கர், பச்சை மறைந்து துருப்பிடித்த இரும்பின் நிறத்துக்கு மாறியது. மரங்கள் நின்றபடியே செத்திருந்தன. அங்குள்ளவர்கள் அதற்குச் சிவப்புக் காடு என்று பெயர் வைத்தார்கள். விஞ்ஞானிகளின் புத்தகங்களிலும் அந்தப் பெயரே நிலைத்துவிட்டது.

பைன் மரத்தைப் பார்க்க நாம் உக்ரேனுக்குப் போக வேண்டியதில்லை. கொடைக்கானலில் சினிமாக் கதாநாயகர்கள் ஓடிப் பிடித்து விளையாடுகிற காட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் சாயல் தெரியும். ஊசி ஊசியாக இலை. அந்த இலை ஆண்டுதோறும் உதிர்ந்துவிடுவதில்லை. இரண்டு மூன்று வருஷம் கிளையிலேயே இருக்கும். மேலே விழுந்த தூசியை அந்த ஊசிக்கொத்து சல்லடைபோலப் பிடித்து வைத்துக்கொண்டது. அதே காட்டில் பைனுக்குப் பக்கத்தில் நின்ற பிர்ச் மரங்கள் பல பிழைத்துக்கொண்டன. இமயமலையில் பட்டையை உரித்து ஓலைபோல ஏடு எழுதுவார்களே, அந்தப் பூர்ஜ மரத்தின் உறவு அது. ஆண்டுக்கொரு முறை இலையைக் கொட்டிவிடுகிற சாதி.

ஆனால் இலையின் அமைப்பு மட்டும் காரணம் அன்று. உயிரணுவின் கருவுக்குள் குரோமோசோம் என்று ஒன்று இருக்கிறது அல்லவா, அது பைன் இனத்துக்கு மிகப் பெரியது. பெரிய இலக்கில் அம்பு தைப்பது எளிது. அதனால் தாவரங்களில் கதிரியக்கத்தைத் தாங்கமாட்டாத இனங்களில் பைன் முன்வரிசையில் நிற்கிறது. அந்த விஷயத்தில் புல்லையும் பாசியையும்விட அது மனிதனுக்கு நெருங்கியது. அந்தச் சிவந்த மரங்கள் வாங்கிய கதிரை 60 முதல் 100 கிரே வரை என்று கணக்கிட்டிருக்கிறார்கள். மனிதன் முழு உடம்பிலும் ஒரேயடியாக 5 கிரே வாங்கினால், தக்க சிகிச்சை இல்லாவிட்டால், பிழைப்பது அரிது.

தொல்காப்பியர் உயிர்களை அறிவின் கணக்கால் வகுத்தவர். புல்லுக்கும் மரத்துக்கும் ஓரறிவு என்றார். அந்த ஓர் அறிவு தொடுவுணர்ச்சி. மனிதனுக்கு ஆறு. செர்னோபில் வெடித்த அந்தச் சனிக்கிழமையன்று அருகிலிருந்த பிரிப்யாட் நகரத்தில் பிள்ளைகள் வெயிலில் விளையாடிக்கொண்டிருந்தார்கள். பெரியவர்கள் கடைகளுக்குப் போய்வந்தார்கள். கதிரியக்கத்துக்கு நிறமில்லை, வாசனையில்லை, சத்தமில்லை. ஐம்புலனும் அதன்முன் பயனற்றுப் போயின. ஆறாவது அறிவைப் பெற்றிருந்த அதிகாரிகளோ, தெரிந்ததை உடனே ஊருக்குச் சொல்லத் தயங்கினார்கள். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை பிற்பகலில்தான் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பஸ்கள் வந்து சுமார் 49,000 பேரை ஏற்றிக்கொண்டு போயின. மரம் எந்தப் பஸ்ஸில் ஏறும்? அது நின்ற இடத்தில் நின்று, தனக்கிருந்த ஒரே அறிவால் அந்த விஷத்தைத் தொட்டு, கண்ணுக்குத் தெரியாதிருந்ததைத் தன் உடம்பிலே நிறமாக எழுதிக் காட்டியது.

இராஜபாளையத்தில் வாசகர்கள் சிலர் கூடிய ஒரு மாலையில் இந்தச் செய்தியைச் சொல்லிக்கொண்டிருந்தேன். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து வந்திருந்த ஓய்வுபெற்ற தமிழாசிரியர் ஒருவர் கடைசிவரை பேசாமல் கேட்டுவிட்டு, "தம்பி, மனுஷன் செத்தால் துக்கம் விசாரிக்க ஆள் இருக்கு. மாடு செத்தாலும் சொந்தக்காரன் அழுவான். யாருக்கும் சொந்தமில்லாத காட்டிலே மரம் செத்தால், நஷ்டம் யாருக்குன்னு எழுதுவீங்க?" என்றார்.

ஐயா கேட்டதைச் சாதாரணக் கேள்வி என்று தள்ள என்னால் முடியவில்லை. நஷ்டம் என்றால் நஷ்டப்பட்டவர் ஒருவர் வேண்டும் என்பது கோர்ட்டு நியாயம். 2010-இல் நம்முடைய பார்லிமெண்ட் நிறைவேற்றிய அணு விபத்துப் பொறுப்புச் சட்டத்தில்கூட, உயிரிழப்பு, உடல் ஊனம், சொத்துச் சேதம் ஆகியவற்றோடு, பாழான சுற்றுப்புறத்தைப் பழைய நிலைக்குக் கொண்டுவர ஆகும் செலவும், அதைப் பயன்படுத்திப் பிழைத்தவர்களுக்கு ஏற்படும் வருமான இழப்பும் சேதக் கணக்கில் சேர்க்கப்பட்டிருந்தன. குறை சொல்வதற்கில்லை, நல்ல சட்ட மூளைகள் யோசித்துச் சேர்த்தவைதாம். ஆனாலும் மரம் அங்கே இரண்டு உருவத்தில்தான் வருகிறது. ஒன்று, யாரோ செய்யவேண்டிய செலவு. மற்றொன்று, யாரோ இழந்த வரவு. செத்தது மரம் என்பதற்கு அந்தப் பேரேட்டில் பத்தி இல்லை.

செத்த காட்டை என்ன செய்தார்கள் தெரியுமா? புதைத்தார்கள். காய்ந்த பைன் தீப்பிடித்தால் அத்தனை விஷமும் மறுபடி புகையாக எழும் என்ற பயம். இயந்திரங்களைக் கொண்டு மரங்களைச் சாய்த்து, பள்ளங்கள் வெட்டி, உள்ளே தள்ளி, மேலே மணலைப் போட்டு மூடினார்கள். அந்த வேலையைச் செய்தவர்கள் தங்கள் உடம்பைப் பணயம் வைத்தவர்கள். அவர்களை நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். புதைத்த இடத்தின்மேல் புதிதாகப் பைன் கன்றுகளை நட்டார்கள். மணல் பறக்காமல் வேர் பிடித்துக்கொள்ளட்டும் என்று. அந்தக் கன்றுகளில் பல ஒழுங்காக வளரவில்லை. பைன் மரத்தின் அழகே நடுவில் ஒற்றைத் தண்டாக நிமிர்ந்து போவதில் இருக்கிறது. இவற்றில் நடுக்குருத்து முன்னே போகும் முறையை மறந்து, நாலாபக்கமும் கிளைத்து, புதராகக் குட்டையாக நின்றன. வேர்களோ கீழே புதைந்திருந்த மூதாதைகளை எட்டின. அங்கிருந்த ஸ்ட்ரான்ஷியத்தை உறிஞ்சி மறுபடி இலைக்குக் கொண்டுவந்தன. புதைத்தது கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறி வந்துகொண்டிருந்தது.

இவை எல்லாவற்றையும்விட என்னை அலைக்கழித்த செய்தி ஒன்று உண்டு. அது சருகைப் பற்றியது.

செண்பகத்தோப்பில் ஓடைக்கரையோரம் நடந்தவர்களுக்குத் தெரியும். கோடையில் காலடியில் சருகு நொறுங்கும். ஐப்பசி கார்த்திகை மழை இரண்டு நாள் பெய்ததும் அதுவே மெத்தென்று பதுங்கும். கறையான் பாதி தின்னும். பூஞ்சை பாதி தின்னும். அடுத்த கோடைக்குள் போன வருஷத்து இலை எது, மண் எது என்று பிரித்துச் சொல்ல முடியாது. மரம் சாவதும் மண் பிறப்பதும் ஒரே காரியம். இதை நாம் கவனிப்பதுகூட இல்லை. மூச்சு விடுவதைக் கவனிக்கிறோமா என்ன? செர்னோபில் சுற்றுப்புறத்தில் சில விஞ்ஞானிகள் இதைச் சோதித்துப் பார்த்தார்கள். கதிரியக்கம் படாத இலைச்சருகைச் சிறு சிறு வலைப்பைகளில் அடைத்து, சுமார் 600 பைகளைக் காட்டின் பல இடங்களில் வைத்து, ஏறக்குறைய ஒரு வருஷம் கழித்து எடுத்து நிறுத்தார்கள். முடிவு 2014-இல் வெளிவந்தது. விஷம் மிகுந்த இடங்களில் சருகு மட்குவது 40 சதவிகிதம் குறைந்திருந்தது. மட்கவைக்கும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் புழு பூச்சிகளும் அங்கே குறைந்துபோயிருக்க வேண்டும் என்று அவர்கள் கருதினார்கள். தரையிலே சருகு ஆண்டுக்கு ஆண்டு கனத்துக்கொண்டு வந்தது.

உயிரைப் போக்குவது ஒரு கொடுமை. செத்த உடம்பை மண்ணோடு சேரவிடாமல் தடுப்பது வேறொரு கொடுமை. அதற்கு நம் பாஷையில் பெயர்கூட இல்லை. எந்த ஊரிலும் எந்தச் சாதியிலும் செத்தவர்களுக்குச் செய்கிற காரியங்களின் நோக்கம் ஒன்றுதானே? போனவர் போய்ச் சேரவேண்டும். நெருப்பிலோ மண்ணிலோ நீரிலோ போய்ச் சேரவேண்டும். அந்தக் காட்டில் விழுந்த இலைக்கு அது தாமதப்பட்டுக்கொண்டே இருந்தது.

இந்த இடத்தில் சிலர் எனக்கு ஆறுதல் சொல்வார்கள். அந்தக் காட்டிலே இன்று மனிதர் இல்லாததால் ஓநாய் பெருகியிருக்கிறது, காட்டெருமை திரிகிறது, 1998-இல் கொண்டுவந்து விட்ட மங்கோலியக் காட்டுக் குதிரை குட்டி போட்டுக் கூட்டமாக மேய்கிறது. 2016-இல் உக்ரேன் சர்க்கார் அதை உயிர்க்கோளக் காப்பகமாகவே அறிவித்துவிட்டது. "அப்படியானால் அணு உலையைவிட மனிதன்தானே காட்டுக்குப் பெரிய சத்துரு?" என்று என் நண்பர் ஒருவர் வெற்றி வீரரைப்போலக் கேட்டார். கேட்பதற்குச் சாமர்த்தியமாக இருக்கிறது. உண்மையும் அதிலே ஒரு பங்கு உண்டு. பறவைகளும் பூச்சிகளும் குறைந்திருக்கின்றன என்று சிலர் எழுத, பெரிய மிருகங்கள் குறையவில்லை என்று வேறு சிலர் எழுத, விஞ்ஞானிகளுக்குள்ளேயே இந்த வழக்கு தீர்ந்தபாடில்லை.

ஆனால் தலையை எண்ணி நியாயம் சொல்லும் இந்த முறையை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு தெருவில் பத்துப் பேரைக் கொன்றுவிட்டு, பத்து வருஷம் கழித்து அந்தத் தெருவில் இருபது குழந்தைகள் பிறந்திருக்கின்றன என்று கணக்குக் காட்டினால், கொலை வரவில் வைக்கப்படுமா? ஓநாய் வந்தது ஓநாயின் சமர்த்து. மனிதன் அன்றாடம் செய்கிற தீமை பெரிது என்பதனால், அவன் ஒரு நாள் செய்த தீமை சிறிதாகிவிடாது.

தீமை என்ற சொல்லைத் தெரிந்தே எழுதுகிறேன். விபத்தைத் தீமை என்று சொல்லலாமா, அதிலே எண்ணம் இல்லையே என்று கேட்கலாம். எண்ணத்தோடு செய்ததும் உண்டு. அமெரிக்காவில், நியூயார்க்கை அடுத்த லாங் தீவில், புரூக்ஹேவன் ஆராய்ச்சிக் கூடம் இருக்கிறது. 1961-இல் அங்கே ஓக் மரமும் பைன் மரமும் கலந்து வளர்ந்த காட்டின் நடுவே ஒரு கம்பத்தில் சீசியம் 137-ஐ ஏற்றி வைத்தார்கள். நாளொன்றுக்கு 20 மணி நேரம் அதன் கதிர் காட்டின்மேல் பட்டது. பல ஆண்டுகள் இப்படி நடந்தது. கம்பத்தைச் சுற்றி வட்டம் வட்டமாகக் காடு செத்தது. முதலில், வெகு தூரத்திலேயே, பைன். அதற்கு உள்வட்டத்தில் ஓக். இன்னும் உள்ளே குறுஞ்செடிகள். அதற்கும் உள்ளே கோரைப் புல். கம்பத்தின் காலடியில் பாசியும் மரப்பாசியுமே மிஞ்சின. உயர்ந்து நின்றது முதலில் விழுந்தது. தரையோடு கிடந்தது தப்பியது.

அதைச் செய்தவர்கள் கொடியவர்கள் அல்லர். அணு யுத்தம் வந்தால் காடு என்ன ஆகும் என்று உலகம் பயந்துகொண்டிருந்த காலம் அது. அதற்கு நான்கு வருஷம் முன்பு, 1957-இல், ருஷ்யாவின் உரால் மலைப் பக்கம் ஓர் அணுக்கழிவுத் தொட்டி வெடித்து, அங்கேயும் பைன் காடு பட்டுப்போயிருந்தது. உலகத்துக்கு மூச்சுக் காட்டாமல் பல ஆண்டுகள் மறைத்து வைத்தார்கள். ஒரு பக்கம் மறைத்தவர்கள். மறுபக்கம் தெரிந்துகொள்வதற்காகக் கொன்றவர்கள். இருவரில் தெரிந்துகொள்ள விரும்பியவர் மேல் என்றுதான் எனக்கும் படுகிறது. அதே கதிரைக் கோதுமை விதையில் பாய்ச்சி, 1967-இல் எம். எஸ். சுவாமிநாதனும் அவரைச் சேர்ந்தவர்களும் டெல்லியில் நம் நாட்டுக்கு 'ஷர்பதி சொனோரா' என்ற நல்ல ரகம் தந்தார்கள். கத்தி குற்றவாளி அல்ல. என்றாலும் ஒன்று உறுத்துகிறது. பைன்தான் முதலில் சாகும் என்று 1960-களிலேயே மனிதனுக்குத் தெரிந்துவிட்டது. அந்தக் காடு தன் உயிரைக் கொடுத்துச் சொல்லிக்கொடுத்த பாடம் அது. இருபது வருஷம் கழித்து உக்ரேன் காட்டுப் பைன்களுக்கு அந்தப் பாடத்தால் வந்த பிரயோசனம், அவை ஏன் செத்தன என்று பிற்பாடு விளக்க முடிந்தது ஒன்றுதான்.

செத்த மரத்தின் கதை இது. பிழைத்த மரத்தின் கதை இன்னும் விசித்திரமானது. சீசியமும் ஸ்ட்ரான்ஷியமும் பாதியாகக் குறைய ஏறத்தாழ 30 வருஷம் ஆகும். ஆயிரத்தில் ஒரு பங்காகத் தேய 300 வருஷம். அதுவரைக்கும் அந்த விஷத்தை வேரிலும் மரத்திலும் சருகிலும் கட்டிப் பிடித்துவைத்திருப்பது காடுதான். காடு நின்றால் விஷம் நிற்கும், எரிந்தால் பறக்கும். 2020 ஏப்ரலில் அங்கே பெருந்தீ மூண்டபோது தீயணைப்புக்காரர்கள் வாரக்கணக்கில் போராடியது இதற்காகத்தான். 2022-இல் ருஷ்யப் படை அந்த வழியாக வந்து, சிவப்புக் காட்டு மண்ணிலேயே பதுங்குகுழி தோண்டியது. முப்பத்தாறு வருஷமாக மரங்கள் அசையாமல் காத்துவந்ததை மண்வெட்டியால் கிளறினார்கள்.

ஜப்பானிலும் இதே நிலைமை. 2011 மார்ச்சில் புகுஷிமா உலைகள் உருகின. அந்த மாகாணத்தில் 70 சதவிகிதம் காடும் மலையும். வீடு, பள்ளிக்கூடம், வயல் எல்லாவற்றையும் சுரண்டிக் கழுவினார்கள். காட்டில் மட்டும் வீடுகளை ஒட்டிய 20 மீட்டர் வரை சருகை வாரிவிட்டு நிறுத்திக்கொண்டார்கள். மலையை யார் கழுவ முடியும்? அங்கே ஓக் கட்டைகளில் துளையிட்டு ஷிடாக்கே என்ற காளான் வளர்ப்பார்கள்; அதற்கான கட்டையை நாட்டின் பல பாகங்களுக்கும் அனுப்பிவந்தது புகுஷிமா. அந்தத் தொழில் படுத்துவிட்டது. மரங்களை வெட்டவும் வழியில்லை, விற்கவும் வழியில்லை. 'நீ இங்கேயே நில், இதைப் பிடித்துக்கொண்டு நில்' என்று அவற்றுக்குச் சொல்லாமல் சொல்லிவிட்டு மனிதர்கள் வேலையைப் பார்க்கப் போய்விட்டார்கள்.

நஷ்டம் யாருக்கு என்று கேட்ட ஆசிரியருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: "ஐயா, மரத்துக்கு வலிக்குமா என்று எனக்கு வாதாடத் தெரியாது. ஆனால் ஒருவர் நமக்காகக் காவல் நின்றால் கூலி கொடுக்கிறோம். நம்மால் அடிபட்டால் மன்னிப்புக் கேட்கிறோம். இரண்டும் ஒரே ஆளுக்கு நேர்ந்து, இரண்டும் கொடுக்கப்படவில்லை என்றால், அங்கே கடன் இருக்கிறது. கடன் கொடுத்தவருக்கு வாயில்லை என்பதனால் கடன் தீர்ந்துவிடுமா?"

அவர் சிரித்தார். "நற்றிணையிலே ஒரு பெண் புன்னை மரத்தடியிலே காதலனைச் சந்திக்க வெட்கப்படுவாளே, நினைவிருக்கா? அம்மா அந்த மரத்தை உன் அக்கா என்று சொல்லி வளர்த்திருக்கிறாள். எங்க ஊரிலே துளசிச் செடியடியிலே கிடைத்த குழந்தையைத்தான் நாச்சியார் என்று கும்பிடுகிறோம். வளர்த்த பெரியாழ்வார் நந்தவனம் வைத்த மனுஷன். உறவென்று சொல்லிவிட்டால் கணக்கு எழுதவேண்டிய அவசியமே வராது தம்பி. உறவு விட்டுப்போனதற்கு அப்புறம்தான் சட்டம்" என்றார். அவர் சொன்னது எனக்கு மிகவும் பிடித்திருந்தது. ஆனால் முழுக்க ஒப்பவில்லை. புன்னையை அக்கா என்றவர்கள் வாழ்ந்த அதே நாட்டில்தான் காடு கொன்று நாடாக்குவதும் புகழாக இருந்தது. உறவு சொல்வது வீட்டு முற்றத்து மரத்தோடு நின்றுவிடுகிறது. பெயர் தெரியாத, முகம் தெரியாத ஆயிரம் ஏக்கர் மரத்துக்கு எந்த அம்மா அக்கா முறை சொல்லிக்கொடுத்தாள்?

இங்கிருந்து நேர்கோட்டில் தெற்கே ஏறக்குறைய 150 கிலோமீட்டரில் கூடங்குளம். அங்கிருக்கும் உலை செர்னோபில் உலையின் வகை அல்ல. அமைப்பும் வேறு, காப்பும் வேறு. 2014 முடிவில் முதல் உலையும், 2017 மார்ச்சில் இரண்டாவதும் முழு வேலைக்கு வந்தன. இராஜபாளையம் மில்களில் கதிர்கள் சுழல மின்சாரம் வேண்டும். இதை எழுதும்போது என் தலைக்குமேல் சுற்றுகிற விசிறிக்கும் வேண்டும். உலை வேண்டாம் என்று இங்கே நான் கட்சி கட்டவில்லை. கட்டுவோர் காரணமும் எதிர்ப்போர் காரணமும் செய்தித்தாள் படிப்பவர்களுக்குத் தெரிந்தவையே. மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மணல் மேல் தென்னைகள் எத்தனையோ தலைமுறையாகக் காய்க்கின்றன. கதிர் என்றாலே அலறவேண்டியதில்லை என்பதும் எனக்குத் தெரியும். நான் கேட்பது, கணக்குப் பார்க்க உட்காரும்போது காட்டுக்கும் ஒரு பத்தி போடுகிறோமா என்பதை மட்டும்தான்.

1988-ஆம் ஆண்டைப் பற்றி ஒரு விஷயம். அந்த ஆண்டு பெலாருஸில், செர்னோபில் விஷம் படிந்த காட்டைச் சுற்றி எல்லை வகுத்து, மனிதர் குடியிருக்கக்கூடாத காப்பகமாக்கினார்கள். அதே ஆண்டு நவம்பரில், கூடங்குளத்துக்கான ஒப்பந்தத்தில் ராஜீவ் காந்தியும் கோர்பசேவும் கையெழுத்திட்டார்கள். அடுத்த மாதம், டிசம்பரில், ஸ்ரீவில்லிபுத்தூர் மலையை நரை அணில் சரணாலயமாகத் தமிழ்நாட்டு அரசு அறிவித்தது. 2021-இல் மேகமலையோடு சேர்ந்து அதுவே புலிகள் காப்பகமாகவும் ஆகியிருக்கிறது. அங்கே காட்டிடமிருந்து மனிதனைக் காப்பாற்ற ஒரு வேலி. இங்கே மனிதனிடமிருந்து காட்டைக் காப்பாற்ற ஒரு வேலி.

நரை அணில் பெரியது, பூனையளவு இருக்கும். தரையில் இறங்க அதற்குப் பிடிக்காது. கிளை கிளையைத் தொட்டுக்கொண்டிருந்தால்தான் ஒரு மரத்திலிருந்து அடுத்ததற்குத் தாவிப் போகும். நடுவே நாலு மரம் இல்லாவிட்டால் அதன் உலகம் அங்கே முடிந்துபோகிறது. மலையடிவாரத்து மாந்தோப்புகளிலும் புளியமரங்களிலும்கூட அதன் கூட்டைப் பார்க்கலாம். மாங்காய் திரளுகிற மாதத்தில் தோப்புக் காவல்காரர் கீழே நின்று தகரத்தைத் தட்டுகிறார். அது மேல்கிளைக்குப் போய் உட்கார்ந்து அவரைப் பார்க்கிறது.